ஆளுக்கொரு அத்தியாயம்

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கதையைக் கேட்கிறேன் என்று மீரா சாகிப் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை காலையிலேயே எனக்குச் சோறு இறங்கவில்லை.

மீரா சாகிப் பினாங்கு சூலியா தெருவில் அச்சகம் வைத்திருக்கிறார். வாரப் பத்திரிகை ஒன்றும் நடத்துகிறார். அதில் என் நாவலைப் போட ஒப்புக்கொண்டார். ஆனால் முதல் வரி எழுதும் முன்பே முழுக் கதையும், அத்தியாயம் அத்தியாயமாக, அவர் முன்னால் வந்து நிற்க வேண்டும்.

"போன வருஷம் ஒருத்தன் எழுதினான்" என்றார். "கதாநாயகனைக் கொண்டுபோய் ஜெயில்ல போட்டான். எப்படி வெளிய எடுக்கிறதுன்னு தெரியல. அடுத்த வாரம் அவனே கப்பலேறி நாகப்பட்டினம் போயிட்டான். சந்தா கட்டினவங்க கடைவாசல்ல வந்து நிக்கிறாங்க, ஜெயில்ல இருக்கிறவன் என்ன ஆனான்னு. நான் என்னத்தச் சொல்ல? அப்பீல் போட்டிருக்கான்னு சொன்னேன். உன் கதை எங்க முடியுதுன்னு எனக்குத் தெரியணும் சவரிமுத்து. தெரிஞ்சா அச்சுல ஏத்துறேன்."

நியாயமான பேச்சுதான். ஆனால் என் கை அவ்வளவு வேகமாக ஓடாது. முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டியவன் நான். பகலெல்லாம் மூட்டை தூக்கிய விரல்களுக்குப் பேனா வசப்படுவதற்குள் அடுத்த அத்தியாயம் தலையை விட்டு நழுவிவிடுகிறது. அதனால் எனக்குத் தெரிந்த வேலையின் வழியிலேயே போனேன்.

கப்பல் சரக்கு தொங்கான் படகில் ஏறிக் கரைக்கு வரும்போது எங்கள் கூட்டத்தில் ஆளுக்கொரு குறியைப் பிரித்துக்கொள்வோம். முக்கோணம் போட்ட மூட்டைக்கு ஒருவன் பொறுப்பு, வட்டம் போட்டதற்கு இன்னொருவன். எத்தனை வியாபாரிகளின் சரக்கு கலந்து வந்தாலும் அவனவன் தன் குறியைப் பார்த்துக்கொண்டால் கிட்டங்கியில் எதுவும் மாறிப்போகாது. கதையையும் அப்படியே பிரித்தேன். என்னைச் சேர்க்காமல் ஆறு பேர். ஆறு நீளமான அத்தியாயங்கள். ஒவ்வொருவனையும் தனியாக உட்காரவைத்துச் சொல்லி, "இது உன் குறி, மறக்காதே" என்றேன்.

பாக்குக் கிட்டங்கியில் பாக்குத் தரம் பிரிக்கும் அக்னஸ் என்ற பெண்ணின் கதை அது. அவள் புருஷன் புகையிலைத் தோட்ட வேலைக்குக் கடல் தாண்டி டெலி சீமைக்குப் போய்த் திரும்பவில்லை. கடிதமும் இல்லை. அவனைத் தேடிக் கப்பலேறுகிறாள். போய்ப் பார்த்தால் அவனுக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கிறது. அவள் சண்டை போடவில்லை. பினாங்குக்குத் திரும்பவும் இல்லை. அங்கேயே ஏதோ வேலை தேடிக்கொண்டு இருந்துவிடுகிறாள். காரணத்தை யாரிடமும் சொல்வதில்லை. அந்த முடிவுதான் எனக்கு முதலில் தோன்றியது. மற்றதெல்லாம் அதற்கு முன்னால் அடுக்கியவை.

அந்தக் கடைசி அத்தியாயத்தைச் சின்னையாவிடம் கொடுத்திருந்தேன். கூட்டத்தில் அவனுக்குத்தான் ஞாபகம் அதிகம்.

வியாழக்கிழமை மதியம் ஜெட்டிக் கொட்டகையில் கோப்பி குடிக்கும்போது ஒத்திகை பார்த்தேன்.

"கமாலுதீன், உன் குறியைச் சொல்லு."

"புருஷன் டெலிக்குக் கெளம்புறான். கெளம்பும்போது ஆளுங்களை மேய்க்கிற மண்டோர் கன்னத்துல ஒரு அறை விடுறான்."

"அறை எங்கேருந்து வந்துச்சு? நான் சொல்லலையே."

"மண்டோர் வர்றான், அறை இல்லைன்னா என்ன கதைலா அது?"

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தது பெஞ்சமின். அவனுடைய அத்தியாயத்தில் அக்னஸ் மாதா கோயிலில் பாட்டுப் பாடத் தொடங்கியிருந்தாள்.

"யாருடா அவளைப் பாடச் சொன்னது?"

"பேரு அக்னஸ்தானே அண்ணே? பாடாம எப்படி இருப்பா?"

கிழிந்த மூட்டையைக் கையால் பொத்திப் பிடிப்பது போல ஒவ்வொருவனையும் பிடித்துத் திருத்தினேன். ஒரு பக்கம் பொத்தினால் இன்னொரு பக்கம் கொட்டியது. கடைசியில் சின்னையாவைப் பார்த்தேன்.

"நாளைக்குச் சொல்றேன். எனக்குத் தெரியும்" என்றான் அவன். அவன் கண் கடல் பக்கம் இருந்தது. அக்கரையில் இருக்கும் பிறையிலிருந்து ஃபெரி வந்துகொண்டிருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன வருஷம் அவன் மனைவி, அக்காவைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று பிறைக்குப் போனாள். வரவே இல்லை. எங்கள் கூட்டத்தில் யாரும் அதைப் பேசுவதில்லை. ஃபெரி கரை சேரும்போதெல்லாம் அவன் தோளில் மூட்டையோடு கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு நடப்பான். பின்னால் வருகிறவர்களும் நின்றுகொள்வோம். அப்படிப்பட்டவனிடம் போய், திரும்பி வராத ஒருத்தியைச் சுமக்கக் கொடுத்திருக்கிறேன்.

"சின்னையா, கடைசியை வேணும்னா நானே சொல்லிக்கிறேன்" என்றேன்.

"ஏன், மறந்துருவேன்னு நெனைச்சியா? குடுத்த குறியைப் புடுங்குறது நம்ம கூட்டத்துல உண்டா?"

இல்லைதான். ஒருவனிடமிருந்து குறியைத் திரும்பக் கேட்பது அவனைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம்.

மறுநாள் அச்சகத்துக்குள் நாங்கள் ஏழு பேரும் நுழைந்ததும் மீரா சாகிப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "கதை கேட்டா ஊர்வலம்லா வருது."

அச்செழுத்துப் பெட்டிகளின் ஓரமாக வரிசையில் நின்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கமாலுதீன் மண்டோருக்கு விழும் அறையைச் சொல்லாமல் விட்டுவிட்டான். விட்ட இடத்தில் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். பெஞ்சமினின் அக்னஸ் பாடவில்லை. அவள் பெலாவான் துறைமுகத்தில் இறங்கி, தோட்டம் தோட்டமாக விசாரித்துக்கொண்டு போகும் இடத்தில் மீரா சாகிப் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அவர் முன்னால் நகர நகர எனக்குப் பயம் கூடியது.

சின்னையா ஆரம்பித்தான். புருஷனின் வீட்டு வாசல், உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும் குழந்தை, எல்லாம் நான் சொன்ன மாதிரியே வந்தது.

"அவ ஒண்ணும் பேசல" என்றான். "அன்னைக்கே கப்பலேறிட்டா. விடியக்காலையில நம்ம ஜெட்டியில வந்து எறங்குறா. அங்க ஒருத்தன் நிக்கிறான். யாருன்னு கதையில இல்ல. நிக்கிறான், அவ்வளவுதான்."

மற்ற ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"நல்ல முடிவு" என்றார் மீரா சாகிப். "படிக்கிறவங்களுக்கு நெஞ்சுல நிக்கும். இதுதானே சவரிமுத்து?"

தலையை ஆட்டினால் போதும், நாவல் அச்சேறிவிடும். இல்லை என்றால், முடிவு தெரியாமல் வந்து நிற்கும் இன்னொருவன் என்று அவர் கழித்துவிடுவார். சின்னையா என்னைப் பார்க்கவில்லை. அச்செழுத்துப் பெட்டியின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தான்.

"இல்ல மொதலாளி" என்றேன். "அவ திரும்பி வரல."

"அப்ப இவர் சொன்னது?"

"அது சின்னையா ஆசைப்பட்டது."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான வார்த்தை என்று தெரிந்தது. உள்ளே அச்சு இயந்திரம் தட்டிக்கொண்டிருந்தது. சின்னையா என் பக்கம் திரும்பினான். கோபம் இல்லை.

"ஏன் வரல? அதைச் சொல்லு. அவளுக்கு இங்க என்ன கொறை?"

காரணத்தை அவள் யாரிடமும் சொல்வதில்லை என்று திட்டம் போட்டிருந்தேனே தவிர, அவள் என்னிடமும் அதைச் சொல்லவில்லை. இத்தனை நாள் யோசித்து அடுக்கியதில் அந்த ஒரு இடத்தில் மட்டும் எதுவுமே இல்லை.

"தெரியல சின்னையா. எழுதினாத்தான் தெரியும்."

மீரா சாகிப் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஜெயில்ல போட்டவனும் இதையேதான் சொன்னான்."

முடிந்தது என்று நினைத்தேன். கமாலுதீன் வாசலைப் பார்த்து நகரத் தொடங்கியும்விட்டான்.

"இவன் ஓட மாட்டான் மொதலாளி" என்றான் சின்னையா. "ஓடினா நான் புடிச்சிட்டு வர்றேன். அவ ஏன் வரலைன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

மீரா சாகிப் என்னிடம் சொன்னார்: "கடைசி அத்தியாயத்தை மொதல்ல எழுதிக் கொண்டா. அது என் கையில இருந்தா மத்ததைப் பயமில்லாம ஏத்துவேன்."

வெளியே வெயிலில் கண் கூசியது. மற்றவர்கள் ஜெட்டியைப் பார்த்து முன்னால் நடந்தார்கள். சின்னையா என்னோடு சேர்ந்து நடந்தான்.

"எப்ப எழுதுவே?"

"ஞாயித்துக்கெழமை, பூசை முடிஞ்சு."

"நான் வந்து பக்கத்துல உக்காந்துக்கவா? பேச மாட்டேன்."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அவன் பார்த்துக்கொண்டிருக்க, அவள் வரமாட்டாள் என்று எந்தக் கையால் எழுதுவேன்?

"வா" என்றேன்.