நீர் இழுத்த பக்கம்

எண்ணூர்க் கழிமுகத்தில் இறாலைக் கையாலேயே தடவிப் பிடிப்பார்கள். நீர் வடிகிற நேரத்தில், பனையோலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு இறங்குவார்கள். பனி மூடினாலும் பயமில்லை. வடிகிற நீர் கடலுக்கு இழுக்கும், கடல் பக்கம்தான் குப்பம், இழுக்கிற பக்கம் நடந்தால் வீடு. 'காது ஏமாத்தும், காலு ஏமாத்தாது' என்பது அங்கே சொலவடை. ஆற்றில் செத்தவர்கள் பனிக்குள் உறவுக்குரலில் கூப்பிடுவார்கள், பதில் குரல் கொடுக்கக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கெங்கம்மாவின் கால் முப்பது வருஷம் அந்தச் சேற்றில் பழகிய கால். அந்தக் கர்வம் அவளுக்கு இல்லாமல் போகுமா என்ன. ஆற்று வெள்ளம் பரந்து நிற்கிற உப்பளத்தையும் சதுப்பையும் அனல்மின் கம்பெனிக்காரன் நிலக்கரிச் சாம்பல் கொட்டி மேடாக்கினான். நாசமாய்ப் போகிறவன், இந்த வாரம் கழிமுகத்தின் வாயையும் முக்கால்வாசி அடைத்துவிட்டான்.

"யக்கா, தண்ணி இப்போ உள்ளாண்ட சாம்பக் குட்டைக்குத் திரும்பிகினு கீது. எறங்காத," என்று தம்பி துரை முந்தின நாள்தான் சொன்னான்.

"உன்னாட்டம் பொண்டாட்டி சொன்ன பக்கம் திரும்புறதுக்கு, ஆறு இன்னா ஆம்பளையாடா?" என்று சிரித்துவிட்டு, தம்பி பெண்டாட்டி பேபியையும் கூட்டிக்கொண்டு விடிந்ததும் இறங்கிவிட்டாள்.

கூடை நிறையுமுன் பனி இறங்கியது. புகைக்கூண்டுப் புகையும் கலந்து கறுப்பாக இறங்கியது. கெங்கம்மா பேபியின் கையைப் பிடித்துக்கொண்டு நீர் இழுத்த பக்கம் நடந்தாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு நாரையின் சத்தம்கூட இல்லை.

முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "யக்கா... இந்தாண்ட வா..."

"யக்கா, வூட்டுக்காரரு கூப்புட்றாரு. கரை அந்தாண்ட கீது," என்றாள் பேபி.

"அது உன் புருசன் இல்லடி. குரல் குடுக்காத, நட."

கட்டினவன் குரல் பேபிக்குத் தெரியாதா? கையை உதறிக்கொண்டு குரல் வந்த பக்கம் போய்விட்டாள்.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு துரையின் குரலோடு பேபியின் குரலும் சேர்ந்து வந்தது. "யக்கா, நான் கரையில கீறேன்... திரும்பி வா யக்கா..."

பாவிப் பேய் அந்தப் பெண்ணையும் கொண்டுபோய்விட்டதே, தம்பிக்கு என்ன பதில் சொல்வேன் என்று கெங்கம்மா வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே, நீர் இழுத்த பக்கம், முழங்கால்வரை புதைகிற சூடான சேற்றில் அடுத்த காலை எடுத்து வைத்தாள்.