மூன்று முறை கூப்பிட வேண்டிய பெயர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. எண்பத்தாறில், மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பெயர் வைக்கும் விழா. குழந்தையின் காதருகே குனிந்த அத்தைக்காரி, பெயரைச் சொல்லாமலே நிமிர்ந்துவிட்டாள். ஏன் என்று கேட்கக் கூச்சம். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். ஆகவே மீதியெல்லாம் என் சரக்கு, இனி வரப்போகும் தலைவர் உட்பட.

2

தொடக்கம் ஒன்று: செம்பனை மரங்களுக்கு மேலே சூரியன் மெல்ல—

வேண்டாம். சூரியனுக்கு இங்கே வேலையில்லை.

தொடக்கம் இரண்டு: நாகமணிக்கு அரசியல் தெரியாது. (பொய். எனக்குத் தெரிந்த அளவு அவளுக்கும் தெரியும்.)

நாகமணி பால்மரம் சீவுபவள், ரப்பர் பால் எடுக்கிற வேலை. அப்போது நிறைமாதம். தோட்டத்துக் கோயில் கொட்டகையில், இலங்கையில் போராடும் இயக்கத் தலைவர் ஒருவரின் பேச்சைக் கேசட்டில் போட்டார்கள். நடுவில், அவர் பேசிக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒரு குழந்தை வீறிட்டது. தலைவர் பேச்சை நிறுத்தினார்.

"அம்மா, பால் குடுங்கோ. பிள்ளை குடிச்சு முடியட்டும். நான் நிக்கிறன்."

பிறகு கேசட்டில் வெறும் இரைச்சல்தான். மனிதர் உண்மையிலேயே காத்திருந்தார். நாகமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பையனுக்கு இவர் பெயர்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.*

* பெண் பிறந்திருந்தால் என்று கேட்காதீர்கள். கதை என் கையில். பையன்தான்.

3

பையன் பிறந்தான். பெயர் வைக்க இருந்த வாரத்தில் செய்தி வந்தது: தலைவரைக் கொன்றுவிட்டார்கள். ராணுவம் கொல்லவில்லை. அதே விடுதலைக்குப் புறப்பட்ட இன்னொரு இயக்கம். கோயில் தலைவர் அப்பளசாமி மறுநாளே கொட்டகையில் மாட்டியிருந்த அவர் படத்தை மாற்றிவிட்டார். படச்சட்டம் பழையதுதான். உள்ளே இருப்பவர் சுட்டவர்களின் தலைவர்.

நாகமணியின் கணவன் காளியண்ணன், லோரி ஓட்டுபவன், பேச்சை எடுத்தான்.

"செத்தவரு பேரு நமக்கு எதுக்கு லா? ஜெயிச்சவரு பேர வச்சிருவோம்."

"அவரு என்ன தப்பு பண்ணாரு?"

"அவரு ஆளுங்களும் சுட்டிருக்கானுங்க. பேப்பர்ல போட்டிருக்கான்."

(இதை அவள் காதுக்குக் கொண்டுபோகாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். மனசு கேட்கவில்லை.)

நாகமணி பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"சுட்டது தப்புதான். அதுக்காக, அன்னிக்கு அந்தப் புள்ள பால் குடிச்சது இல்லேன்னு ஆயிருமா?"

4

முடிவு ஒன்று: அவள் விட்டுக்கொடுக்கிறாள். முருகன் பெயர் ஒன்றை வைத்து எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். எழுதிப் பார்த்தேன். நாகமணி என்னை முறைத்தாள். கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: பையன் வளர்ந்து பெரியவனாகி— இல்லை, அவ்வளவு தூரம் எனக்குத் தெரியாது.

5

விழாவுக்கே வந்துவிடுவோம். பெயர் சொல்ல வேண்டிய அத்தை, காளியண்ணனின் தங்கை ரமணி. குனிந்தாள். அப்பளசாமி தொண்டையைக் கனைத்தார். அவள் நிமிர்ந்துவிட்டாள். (நான் கண்ணால் பார்த்தது இதுதான்.)

"என்னால முடியாது அண்ணி."

நாகமணி பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப வேற யாராச்சும் வந்து சொல்லுங்க. பேரு அதான். மாத்த மாட்டேன்."

பிள்ளை வீறிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பால் கொடுத்தாள். யாரும் எழுந்து வரவில்லை.

அந்தத் தலைவருக்கு நான் பெயர் வைக்கவே இல்லை, கவனித்தீர்களா? வேண்டுமென்றுதான். அதை நீங்கள் வையுங்கள். அவசரமில்லை, பிள்ளை குடித்து முடிக்கட்டும். நாகமணி காத்திருப்பாள். பிறகு குனிந்து அவன் காதில் மூன்று முறை கூப்பிடுங்கள், அப்பளசாமிக்கும் கேட்கிற மாதிரி.