நீலப்புள்ளிக் கரண்டி

கரண்டி கொதிக்கும் சூப்பில் இறங்கிய பிறகுதான் அதன் பிடியில் ஒட்டியிருந்த நீலப்புள்ளி எஸ்டெல்லின் கண்ணில் பட்டது. இறைச்சிக்குச் சிவப்பு, பாலுக்கு நீலம் என்று போன வாரம் முழுக்க உட்கார்ந்து புள்ளி ஒட்டியவளே அவள்தான். காலையில் இதே கரண்டியால்தான் காபிக்குப் பாலைக் காய்ச்சிக் கிளறினாள். இப்போது அது கோழிச்சாற்றில், மாட்ஸா ரொட்டித்தூளில் பிடித்த உருண்டைகளுக்கு நடுவில் கிடந்தது. முப்பது வருடம் ஒரே கரண்டியால் எல்லாவற்றையும் கிண்டிய கைக்குப் புள்ளியாவது ஒன்றாவது.

பாலும் இறைச்சியும் கலக்கக் கூடாது என்பது யூத விதி; அவளுக்கும் கணவர் நார்மனுக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. மகள் ஷெல்லிக்குத்தான் அது உயிர். டொராண்டோவுக்குப் போனவள் ஆசாரத்தில் இறங்கி, பெயரையும் ஷிஃப்ரா என்று மாற்றிக்கொண்டு, நான்கு வருடமாகப் பிறந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. வந்தால், கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்துக் காகிதத் தட்டில் வைத்து அம்மா எதிரிலேயே சாப்பிடுவாள். எஸ்டெல்லுக்குக் கன்னத்தில் அறை வாங்கிய மாதிரி இருக்கும். எஸ்டெல் பழைய பாத்திரங்களை எல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டு, மதகுருவான ரப்பியை அழைத்து அடுப்பைக்கூடச் சுத்திகரித்த பிறகுதான், இந்த யூதப் புத்தாண்டுக்கு அம்மா கையால் சாப்பிடுகிறேன் என்று மகள் போனில் சொன்னாள்.

மணி மூன்று. எஸ்டெல் ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். சூப்பைக் கொட்டிவிடலாம் என்றால் வீட்டில் வேறு கோழி இல்லை. ரப்பிக்கு எண்களை அழுத்தி, மணி அடிப்பதற்குள் துண்டித்தாள். ஆகாது என்று அவர் சொல்லிவிட்டால் மகள் முன்னால் எதை வைப்பது? நார்மனிடம் சொன்னாள். அவர் செய்தித்தாளைக்கூட மடிக்கவில்லை.

"ஒரு கரண்டிக்கு ஊரைக் கூட்டுவியா? வாயை மூடிக்கிட்டுப் பரிமாறு."

அப்படித்தான் செய்வது என்று முடிவெடுத்தாள். பிறகும் உட்கார முடியவில்லை. துடைத்த மேசையை இன்னொரு முறை துடைத்தாள்.

ஷெல்லி ஆறு மணிக்கு வந்தாள். கையில் பொட்டலம் இல்லை. மகள் மெழுகுவர்த்தி ஏற்றிக் கண்ணை மூடி முணுமுணுத்தாள். வினிபெக்கில் பொழுது சாய்ந்து, பண்டிகை பிறந்தது. நார்மன் திராட்சை ரசத்துக்கும் ரொட்டிக்கும் தட்டுத்தடுமாறி ஆசி சொன்னார். சூப் வந்தது. ஷெல்லி ஒரு உருண்டையைப் பிளந்து, ஸ்பூனில் எடுத்து ஊதினாள்.

"சாப்பிடாதடி," என்றாள் எஸ்டெல். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். நார்மன் கூரையைப் பார்த்தார்.

ஷெல்லி ஸ்பூனைக் கீழே வைத்தாள். எழுந்து சமையலறைக்குப் போய்ப் பானையைப் பார்த்தாள். எஸ்டெல் பின்னாலேயே போனாள்.

"எப்ப நடந்தது?"

"மூணு மணிக்கு."

"அப்பவே கேட்டிருக்கலாமேம்மா. இவ்ளோ பெரிய பானைல ஒரு கரண்டி. பரவால்லன்னுகூட ரப்பி சொல்லியிருப்பாரு. பண்டிகை பிறந்தாச்சு, இனி ரெண்டு நாளைக்குப் போனைத் தொட முடியாதே. கேக்காம சாப்பிடவும் முடியாது."

அவள் கோபப்படவில்லை. அதுதான் எஸ்டெல்லுக்குத் தாங்கவில்லை. ஒரே ஒரு போன். அது போதுமாக இருந்திருக்கும். பயந்து பயந்தே கெடுத்தாயிற்று. இந்தச் சனியனையாவது நிறுத்தித் தொலைப்போம் என்று அடுப்பின் திருகுக்குக் கை நீட்டினாள்.

ஷெல்லி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "பண்டிகைல தீயை அணைக்கக் கூடாதும்மா."

சாப்பிடவும் கூடாத, அணைக்கவும் கூடாத சூப் இருவர் முன்னாலும் மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. சூப்பில் தூவிய சதகுப்பைத் தழையும் கோழிக்கொழுப்புமாக வீடு முழுக்க வாசனை. ஷெல்லி ஒருமுறை ஆழமாக மூச்சை இழுத்தாள். பிடித்த கையை அவள் இன்னும் விடவில்லை.