ஊசி போட்ட மறுநாள்

நெற்றியிலிருந்து தாடை வரை தோலை மரக்க வைக்கும் களிம்பு வெள்ளையாய் அப்பிக் கிடக்க, பேசவும் சிரிக்கவும் முடியாமல் ரெனிட்டா நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள், துணைக்கு வந்த அண்ணன் மனைவி ஜெபா மதினிதான் அவளுக்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஏன் டாக்டர், பருக்குழிக்கு லேசர்தான் நல்லதுங்காவளே, அதப் போட்டா என்ன, லேசர் சீக்கிரம் பலன் தரும்மா என்கிறார் அவர், ஆனா இவங்க நிறத்துக்குச் சில சமயம் கருத்துப் போயிடும், வெயில்ல அலையவே கூடாது, தூத்துக்குடியில வெயிலுக்கு எங்க டாக்டர் ஒளிய, சரி, அமிலம் தடவித் தோல உரிக்காவளாமே, அதுல கறை போகும்மா, குழி தூராது, ஊசின்னா, பொடிப்பொடியாக் குத்தக் குத்த அடியில இருந்து தோல் தானா வளந்து குழியத் தூக்கும், நாலஞ்சு தடவ வரணும், ஆனா மொத்தமும் போகாது. மொத்தமும் போகாது என்று சொன்னதுதான் ரெனிட்டாவுக்குப் பிடித்தது, இத்தனை வருடத்தில் பொய் சொல்லாத முதல் ஆள், ஊசியே போடுங்க என்று சைகை காட்டிவிட்டாள்.

களிம்பின் குளிர்ச்சியில் கண் செருகுகிறது, அவளுக்குப் பதினைந்து வயது, அம்மா ஜாதிக்காய் உரைத்துப் பூசுகிறாள், அடுத்த தெரு அக்காவாக மட்டும் இருந்த ஜெபா பற்பசை தடவிவிட்டு, எரிகிறது எரிகிறது என்று இவள் குதிக்க, நோட்டு அட்டையால் விசிறுகிறாள், பருக்கள் போயின, பள்ளங்கள் தங்கின, கல்லூரி நாடகத்தில் திரைக்குப் பின்னால் நின்று ராணிக்குக் குரல் கொடுக்கிறாள், கைதட்டல் ராணிக்குப் போகிறது, வேலை பார்க்கும் உள்ளூர் கேபிள் டிவியிலும் செய்திப் படம் ஓடும், குரல் மட்டும் அவளுடையது, திரையில் வந்து செய்தி வாசியேம்மா என்று டிவியை நடத்தும் சாமிதுரை சார் கேட்டபோதெல்லாம் தொண்டை சரியில்ல சார் என்றாள், தையல் மெஷின் போல ஏதோ கிர்ரென்று கன்னத்தில் ஓடுகிறது, கனவா ஊசியா தெரியவில்லை, முடிஞ்சிச்சும்மா என்கிறார் டாக்டர்.

மறுநாள் சாயங்காலம் சாமிதுரை சாரின் போன், வாசிக்கிற பொண்ணுக்குக் காய்ச்சல், காத்துல சிக்கின மூணு படகும் மணப்பாட்டுல கரை சேந்தாச்சு, ஊரே டிவி முன்னால உக்காந்திருக்கு, நீதான் வரணும். தொண்டை என்று தொடங்கியவள் நிறுத்தினாள், காத்திருக்கிற வீடுகள் கண்ணுக்குள் வந்தன, ஆனால் கண்ணாடியில் முகம் வெந்த நண்டு மாதிரிச் சிவந்திருந்தது, மதினி, இதோட எப்படிப் போவ, போ பிள்ள, கடல் செய்திதான, நண்டு சொன்னா என்ன.

அவளைப் பார்த்ததும் சார் எழுந்தே விட்டார், என்னம்மா இது, ஊசி போட்டிருக்கேன் சார், பவுடர் தொடக்கூடாது, இப்படியே பரவாயில்லன்னா வாசிக்கேன், வாசி. விளக்கு முகத்தில் விழுகிறது, கன்னம் காந்துகிறது, திரும்பி வந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாய், ஊரும் தகப்பன் பேரும் பிசகாமல் சொல்லிக்கொண்டே போகிறாள், எந்தப் பெயரில் தன் முகத்தை மறந்தாள் என்று பிறகு யோசித்தும் பிடிபடவில்லை, நாளைக்கும் நீயே வந்துடு என்று சார் சொன்னதற்குத் தலையாட்டியது மட்டும் நினைவிருக்கிறது.

வெளியே வந்ததும் மதினியின் போன், ஏ பிள்ள, பக்கத்து வீட்டு அந்தோணி மாமா டிவில செவப்பு கூடிப்போச்சுன்னு ரிமோட்டப் போட்டு அமுக்கிக்கிட்டே கெடந்தாவ, டிவி நல்லாத்தான் இருக்கு மாமா, எங்க பிள்ளைக்கு இன்னைக்கு அதான் கலருன்னு சொல்லிட்டு வந்தேன். ரெனிட்டா நடுத்தெருவில் நின்று சிரித்தாள், சிரிக்கச் சிரிக்கக் கன்னம் எரிந்தது, எரிய எரியச் சிரித்தாள்.