மறுபடி துடைத்த வீடு

குளிர் விட்டு வெயில் ஏறத் தொடங்கிய வாரத்தில் குப்பியம்மா வீட்டு நாற்காலிகள் அவளுடைய பிள்ளைகள் இருவரையும் தாங்க மறுத்தன. பெரியவள் உட்கார்ந்தாள், நாற்காலி நின்ற இடத்திலேயே நிற்க, அவள் மட்டும் அதன் ஊடாக இறங்கித் தரையில் போய் உட்கார்ந்தாள். சின்னவனுக்குக் கட்டிலில் அதே கதி. கதவுக் கைப்பிடிகளும் அவர்கள் விரலுக்குப் பிடி கொடுக்கவில்லை. தரை மட்டும் தாங்கியது, ஏனென்றால் துடைத்த ஈரம் காய்வதற்குள் அதில் குறுக்கும் நெடுக்கும் ஓடித் தடம் பதிப்பது அந்தப் பிள்ளைகளின் வழக்கம். அதே வாரத்தில் சோப்புத் தூள் விலை ஏறியது. தெருவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொண்டார்கள்.

குப்பியம்மா என்பது தெரு வைத்த பெயர். மருந்துப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவும் பிரிவுக்கு அவள்தான் மேற்பார்வை. ஒருத்தி கழுவிய குப்பியை இன்னொருத்தி மறுபடி கழுவ வேண்டும், முதல் ஆளின் கைத்தடம் அதில் மிஞ்சவே கூடாது என்பது அங்கே விதி. நல்ல விதிதான், அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால். வருடா வருடம் குளிர் விட்டதும் அவள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்வாள். பிள்ளைகளையும் விடமாட்டாள், போர்வையை உருவி, காதைத் திருகி, தொலைக்காட்சி ஒயரைப் பிடுங்கி ஒளித்து வைத்து, இரண்டு பேர் கையிலும் ஈரத்துணியைத் திணிப்பாள். அவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு நாற்காலியைத் துடைத்து நிமிர்வதற்குள் பின்னாலேயே வந்து, உச்சுக் கொட்டிக்கொண்டே, அதை முதலிலிருந்து மறுபடி துடைப்பாள். கதவைத் துடைத்தாலும் அதே கதை, ஜன்னலைத் துடைத்தாலும் அதே கதை. பிள்ளைகள் அவளை வெறுத்தார்கள். சும்மா கோபம் என்று மழுப்ப வேண்டியதில்லை, வெறுப்புதான். இப்படிப் பல வருடம் நடந்ததில் அவர்களுடைய தடம் வீட்டிலிருந்து சுத்தமாகப் போய்விட்டது, வீட்டுக்கும் அவர்களை அடையாளம் தெரியாமல் போயிற்று.

தச்சர் வந்தார். எல்லா நாற்காலியிலும் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்து, ஒன்றில் சாய்ந்தபடியே டீயையும் குடித்து முடித்து, மரத்தில் ஒரு குறையும் இல்லை, பிள்ளைகளைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். லிப்ட் மெக்கானிக்கான அப்பாவையும் நாற்காலிகள் ஒழுங்காகத் தாங்கின. அவர் கல்யாணமான நாளிலிருந்து துணியைக் கையால் தொட்டதில்லை. அவர் துடைத்ததை மறுபடி துடைக்கும் பேச்சுக்கே இடமில்லை. யார் பக்கம் பேசினாலும் சாப்பாட்டில் மண் விழும் என்று தெரிந்தவர், ஆகையால் வாயைத் திறக்காமல் வேலைக்குப் போய் வந்தார்.

வீட்டில் தங்களைத் தாங்கும் இடம் ஒன்று இருப்பதைப் பெரியவள்தான் கண்டுபிடித்தாள். சமையலறைக்கு மேலிருந்த பரண். குப்பியம்மாவுக்கு முழங்கால் வலி, ஏணி ஏற முடியாது. அதனால் பிள்ளைகள் பரணைத் துடைத்தால் துடைத்ததுதான். இருவரும் தலையணையோடு மேலே ஏறிக்கொண்டார்கள். சாப்பிட மட்டும் இறங்குவார்கள். தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்கள். அம்மா கேட்டதற்கெல்லாம் அப்பாவிடம் பதில் சொல்வார்கள்.

இதற்கிடையில் பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் அத்தை வீட்டுக்குப் போய் வந்தார்கள். அத்தைக்கும் குப்பியம்மாவுக்கும் என்றுமே ஆகாது. அத்தை வீட்டு மேசையில் தூசி படிந்து கிடக்கும், அதில் விரலால் படம் வரையலாம். அந்த வீட்டு நாற்காலிகள் பிள்ளைகளைத் தாங்கின. ஒடிந்த காலுக்குச் செங்கல் முட்டுக்கொடுத்த நாற்காலிகூடத் தாங்கியதாம். விடுமுறை முடிந்ததும் இருவரையும் தானே வைத்துக்கொள்வதாக அத்தை சொல்லி அனுப்பினாள். பிள்ளைகள் அன்றைக்கே பையைக் கட்டினார்கள். குப்பியம்மா அந்தப் பைகளைப் பார்த்தாள். எது கைமீறிப் போனாலும் அவளுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். பல்லைக் கடித்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலோடு, ஒரு கையில் ஈரத்துணியைப் பிடித்தபடி ஏணியில் ஏறினாள்.

பரண் விளிம்பில் அவள் தலை தெரிந்தபோது பெரியவள் நகரவில்லை.

"துடை. இது ஒண்ணுதான் மிச்சம். இதையும் துடைச்சுட்டா நாங்க இருக்க இந்த வீட்டுல இடமே இல்ல. அப்புறம் நிம்மதியா இரு."

குப்பியம்மா ஏணியில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தாள். பரண் பலகையில் மேலும் கீழுமாகத் துடைத்த கோடுகள் தெரிந்தன, மூலையில் தூசி அப்படியே கிடந்தது. கை பரபரத்தது. பிறகு துணியை மகளின் மடியில் எறிந்தாள்.

"கீழ வந்து நாற்காலியத் துடை."

"நீ மறுபடி துடைப்ப."

"துடைக்க மாட்டேன்."

நம்பிக்கையால் அல்ல, அம்மா தோற்பதைக் கண்ணால் பார்க்கத்தான் பெரியவள் இறங்கினாள். அடுப்படிக் கரித்துணியைத் தேடி எடுத்தாள். அதில் மிச்சமிருந்த எண்ணெயோடு நாற்காலியைத் துடைத்தாள், இல்லை, பூசினாள். நாற்காலி முதுகில் அவளுடைய ஐந்து விரலும் பதிந்தன. சின்னவன் தன் பங்குக்குக் கதவில் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்தான். குப்பியம்மா தன் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வியர்த்தது. வாய்க்குள் ஏதோ திட்டினாள், அது யாருக்கும் கேட்கவில்லை. பெரியவள் அவளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். நாற்காலி தாங்கியது. உடனே இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேலேயே வைத்துக்கொண்டாள்.

"காலக் கீழ போடு" என்றாள் குப்பியம்மா.

அவள் போடவில்லை.

அத்தை வீட்டுக்கு யாரும் போகவில்லை. பைகளை யார் பிரித்தார்கள் என்பதும் தெரியாது. சமாதானம் என்று சொல்லும்படி அந்த வீட்டில் எதுவும் நடக்கவில்லை. பேச்சு அதற்குப் பிறகும் பல வருடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத்தான் இருந்தது. ஆனால் வருடா வருடம் குளிர் விட்டதும் பிள்ளைகள் இருவரும் கேட்காமலே துணியை எடுத்துக்கொண்டு, முடிந்தவரை மோசமாக, வீடு முழுவதையும் துடைத்தார்கள். அந்த நாளில் குப்பியம்மாவால் உள்ளே இருக்க முடியாது. வெளியே வந்து எதிர்வீட்டு மதிலில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு தன் வீட்டையே முறைத்துக்கொண்டிருப்பாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் விஷயம் தெரிந்தவர்கள், என்ன இன்னும் முடியலையா என்று கேட்பார்கள். பெரியவ கட்டில் வரைக்கும் துடைச்சாச்சு, இன்னும் அலமாரி இருக்கு என்பாள்.