ரங்கசாமியின் வாசனை

வீரமலை வாழை மண்டிக்குள் நுழையுமுன்பே வாசனை நுழைந்தது. சுமை தூக்குகிறவர்கள் அத்தனை பேரும் தங்களை அறியாமல் எழுந்து நின்றார்கள். மயிலம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. புருஷன் ரங்கசாமி போய்ச் சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் கொழுந்தன் வீரமலை அவருடைய அத்தரைக் காதில் செருகிக்கொண்டு வந்துவிட்டான்.

அம்பர் அத்தர் அது. பஞ்சில் தொட்டுக் காதுமடலில் வைத்தால் முதலில் மரக்கடைக்குள் நிற்கிற மாதிரி முரடாக இருக்கும். வெயில் ஏற ஏற உள்ளேயிருந்து ஒரு இதமான சூடு கிளம்பும். ரங்கசாமியும் அப்படித்தான். வந்ததும் ஒரு முறைப்பு. கொஞ்ச நேரம் போனால், காற்றில் சாய்ந்த மரத்துத் தாரையும் நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டு விவசாயிக்குக் காப்பி சொல்லியிருப்பார். நாளாக ஆக, திருச்சி மண்டியில் அந்த வாசனை என்றால் நாணயம் என்று ஆகிப்போனது.

வீரமலையோ நாணயம் வீசை என்ன விலை என்று கேட்கிற ஆள்.

"எதுக்கு அண்ணி இங்க கெடந்து அல்லாடுறீங்க? நான் பாத்துக்கிறேன். அண்ணனே திரும்பி வந்த மாதிரி இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க."

"வாசனையை எடுத்துக்கிட்டீங்க தம்பி. அவரு வாக்கையும் எடுத்துக்கங்களேன்."

அவன் சிரித்தான். மறுநாள் தொட்டியத்து விவசாயிகள் வருகிறார்கள். இனி யாரை நம்பித் தார் அனுப்புவது என்று அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தத் தார் கைவிட்டுப் போனால் அவளும் இரண்டு பெண்களும் இவன் வீட்டுக் கொல்லைப்புறத்தில்தான் சோற்றுக்கு நிற்க வேண்டும். வெட்கங்கெட்டவன், செத்தவர் வாசனையில் குளிர் காய்கிறான்.

அவள் நேராக அத்தர் கடைக்குப் போய் ஷரபுன்னிசாவிடம் பாய்ந்தாள். "அவனுக்கு ஏன் குடுத்தீங்க?"

"கேட்டா குடுக்கத்தானே கடை வச்சிருக்கேன்? வாசனைக்குச் சொந்தக்காரங்க உண்டா மயிலு?"

மயிலம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எடுத்தாள். "அப்ப இருக்கிற அம்பர் பூராவும் எனக்குக் கட்டுங்க."

காலையில் மண்டி வாசலில் உட்கார்ந்து, வந்தவன் போனவனுக்கெல்லாம் ஒரு பஞ்சு கொடுத்தாள். சுமைக்காரர்கள், வண்டிக்காரர்கள், டீக்கடைக்காரர், ஒருவரையும் விடவில்லை. சுமைக்கார அம்மாசி தயங்கினான்.

"முதலாளி வாசனை எனக்கு எதுக்குக்கா?"

"வைடா காதுல."

"நீங்க வைக்கலையா?"

"எனக்கு வாய் இருக்கு."

தொட்டியத்துக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பின்னாலேயே வீரமலை பட்டு ஜிப்பாவில் நுழைந்தான். ஒருவரும் எழவில்லை. அவன் வந்ததே பலருக்குத் தெரியவில்லை. நாலு பக்கமும் மோந்து பார்த்துவிட்டு அண்ணியை முறைத்தான்.

"சாஞ்ச தாருக்கும் அவரு குடுத்த விலையே குடுப்பேன்," என்றாள் மயிலம்மாள்.

"அது எப்படிக் கட்டுபடியாகும்?" என்று வாயை விட்டான் வீரமலை.

தொட்டியத்துப் பெரியவர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எங்க தாரு உங்களுக்கே வரும்மா," என்று துண்டை உதறி எழுந்தார். வீரமலை காதுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போனான்.

உச்சி வெயிலில் அவள் தார்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ வந்து நின்றார்கள். அதே சூடு. முந்தானையைச் சரிசெய்துகொண்டு முகமெல்லாம் மலரத் திரும்பினாள்.

"வண்டியை எங்கக்கா நிறுத்த?" என்றான் அம்மாசி.

"போடா, போய்க் காதைக் கழுவு. எல்லாரையும் கழுவச் சொல்லு," என்று கத்தினாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

குழாயடியில் வரிசையாக நின்று கழுவினார்கள். அம்பர் லேசில் போகிற வாசனையா? பொழுது சாயும்வரை மண்டியில் எந்தப் பக்கம் யார் நடந்தாலும் ரங்கசாமி நடந்தார். ஒவ்வொரு தடவையும் மயிலம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் எதிரே நின்றவனைத் திட்டித் தீர்த்தாள்.