டிரைவருக்கு நூறு மதிப்பெண்

உப்பலில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், எல்லோரும் வெள்ளிக்கிழமைக்குள் செயற்கை நுண்ணறிவு பற்றிய ஆன்லைன் பயிற்சியை முடிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. மேலாளர் நாராயணஸ்வாமி தன் பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி என் மேஜையில் வைத்தார்.

"மாதங்கி, எனக்கு மீட்டிங் இருக்கும்மா. என்னோடதையும் நீயே முடிச்சுடு."

மேலாளரே கொடுத்துவிட்டார் என்றதும் செக்‌ஷனில் மற்ற முப்பது பேரும் சீட்டோடு வந்தார்கள். ஒருவர் சமோசாவும் வைத்தார். அதே வீடியோ, அதே கேள்விகள், முப்பத்தொரு முறை. ஒன்றும் புரியாமல் நான் முதலில் எழுதிக் கொடுத்த நாராயணஸ்வாமிக்கு அறுபது மதிப்பெண் வந்தது. பாடமே மனப்பாடமாகி, கடைசியில் எழுதிக் கொடுத்த டிரைவர் சுனிலுக்கு நூறு. அதற்காக மேலாளர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னுடையதை எழுத உட்கார்ந்தபோது நேரம் முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டார்.

"செக்‌ஷன்ல நீ மட்டும்தான் முடிக்கலை. முடிக்காதவங்களை ஸ்டோருக்கு மாத்தணும்னு மேல இருந்து ஆர்டர். கொஞ்சம் பொறுப்பா இருந்திருக்கலாம்."

பொறுப்பைப் பற்றி என்னிடம் சொன்னார் மனிதர். நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன்.

அடுத்த வாரம் இரண்டாம் கட்டப் பயிற்சி அறிவித்தார்கள். நாராயணஸ்வாமி ஸ்டோருக்கே தேடி வந்தார், கையில் முப்பத்தொரு சீட்டுகளோடு.

"நக்கோ சார், வேண்டவே வேண்டாம்," என்றேன். "நான் பயிற்சி இல்லாதவ. சுனில் நூறு வாங்கினவர், அவரைக் கேளுங்க."